போன் 1.34 ஜி காட்டுது. வளைவில கார் உண்மையில எவ்வளவு பிடிக்குது?

வெள்ளவத்தை86

வணக்கம். கார் டொயோட்டா ஜிடி86, மெனுவல் கியர். சஸ்பென்ஷனில கை வைக்கேல்ல, எல்லாம் கொம்பனி செட்டிங். டயர் மிச்செலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17. பண்டாரகம கார்ட் தடத்தில எடுத்த பதிவு: முன் கண்ணாடியில உறிஞ்சி ஸ்டாண்டில போன், ஓட்டத்தைப் பதியிற ரேஸ்குரோனோ ஆப், போனின்ர சொந்த ஜிபிஎஸ். பக்கவாட்டு ஜி (1 ஜி எண்டால் புவியீர்ப்பின்ர அளவு ஆர்முடுகல்) உச்சம் 1.34 எண்டு வருது. இதே டயரோட சஞ்சிகைகள் போடுறது 0.9 ஐ ஒட்டின கணக்கு.

ரெண்டு கேள்வி. இந்த 1.34 எங்கயிருந்து வருது? பெரிய செலவில்லாம, நம்பக்கூடிய ஒரு எண்ணை எடுக்கிறது எப்பிடி? செமி ஸ்லிக் டயருக்கு (தடத்துக்கெண்டு செய்த, பள்ளம் குறைஞ்ச மென்மையான டயர்) காசு இறைக்க முதல், இப்ப இருக்கிற செட்டின்ர எல்லை எவ்வளவு எண்டு தெரிய வேணும்.

---

கொட்டாஞ்சேனை ஈகே

பிரைமசியில 1.34 வராது தம்பி. நல்ல தெரு டயர் வறண்ட தாரில 0.85 இலிருந்து 0.95 வரை, 200 ட்ரெட்வெயார் வகை (தேய்மான எண் குறைஞ்ச, பிடி கூடின டயர்) 1.0 ஐத் தாண்டும், செமி ஸ்லிக் அதுக்கும் கொஞ்சம் மேல. அந்த 1.34 மூண்டு பொய்யின்ர கூட்டுத்தொகை.

முதலாவது ஸ்டாண்ட். கண்ணாடியிலிருந்து நீட்டின கையில தொங்கிற போன் கார் ஆடுறதை மட்டும் அளக்காது, தன்ர ஆட்டத்தையும் சேர்த்து அளக்கும். கேர்ப் கல்லில ஒரு சில்லு ஏறினால் ஒரு கணத்துக்கு 1.5 கூடப் பதியும். டயர் அவ்வளவைப் பிடிச்சது எண்டு அதுக்கு அர்த்தமில்லை. உச்ச எண்ணை மறந்து, குறைஞ்சது 1 செக்கனாவது நிண்டு பிடிச்ச எண்ணைப் பாருங்கோ.

ரெண்டாவது உடல் சரிவு. வளைவில கார் வெளிப்பக்கம் சரியும். அப்ப சென்சரின்ர பக்கவாட்டு அச்சு உள்பக்கமா மேல நோக்கும், புவியீர்ப்பின்ர ஒரு துண்டு அதுக்குள்ள வந்து சேரும். ஒரு பாகைக்கு கிட்டத்தட்ட 0.017 ஜி. உண்மையில 0.90 இருக்கிற இடத்தில 3 பாகை சரிஞ்சால் போன் 0.95 காட்டும். உள்நோக்கிச் சாய்ஞ்ச பாதையில இது மறுபக்கமா வேலை செய்யும், எண் குறைஞ்சு வரும்.

மூண்டாவது இடம். கண்ணாடி, காரின்ர புவியீர்ப்பு மையத்திலிருந்து ஒரு மீற்றரளவு முன்னால. ஸ்டியரிங்கைச் சடாரெண்டு திருப்பேக்க மூக்குப் பக்கம் மையத்தை விட வேகமாப் பக்கவாட்டில போகும். சுழற்சி வேகம் ஒவ்வொரு செக்கனும் செக்கனுக்கு 1 ரேடியன் (சுமார் 57 பாகை) படி ஏறுது எண்டால், 1 மீற்றர் முன்னால இருக்கிற சென்சரில 0.1 ஜி சும்மா சேரும். வளைவுக்குள்ள நுழையிற இடத்தில வாற கூர் முனை பெரும்பாலும் இதுதான்.

ஆகவே போனைக் கழட்டி, ரெண்டு சீட்டுக்கு நடுவில ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில, கொன்சோலின்ர கெட்டியான பகுதியில டபுள் டேப் போட்டு ஒட்டுங்கோ. விரலால தட்டினால் அசையக் கூடாது. கறுப்பு போன் எங்கட வெயிலில கண்ணாடிக்குப் பக்கத்தில இருந்தால் சூடேறித் தானா நிண்டும் போகும், அதுக்கும் இந்த இடம்தான் மருந்து. காரைச் சமதரையில விட்டு, ஓட்டுநர் சீட்டில இருக்க, ஆப்பில பூச்சியம் போடுங்கோ. சூட்டோட பூச்சியம் நகரும், அதால ஒவ்வொரு செஷனுக்கும் முதல் திருப்பிப் போட வேணும். ஆப்பில அதிர்வைச் சீவுற வடிகட்டியை 2 அல்லது 3 ஹேர்ட்ஸில வைங்கோ. அதுக்குக் கீழ இறக்கினால் கார்ட் தடத்தின்ர சின்ன வளைவில உண்மையான உச்சத்தையும் சேர்த்துச் சீவிப்போடும்.

இனி எண் எடுக்கிற முறை. தடத்தில எல்லை தேடுறதை விட வட்டம்தான் சுத்தமான சோதனை, ஏனெண்டால் சென்சரே தேவையில்லை. ஆரையும் நேரமும் போதும்.

ஆர்முடுகல் = 39.48 × ஆரை ÷ நேரத்தின் வர்க்கம். ஆரை மீற்றரில, ஒரு சுற்றின் நேரம் செக்கனில. வாற விடையை 9.81 ஆல பிரிச்சால் ஜி. (கொழும்பில புவியீர்ப்பு உண்மையில 9.78. வித்தியாசம் நூற்றுக்கு 0.3, இந்த வேலைக்கு மறந்து விடலாம்.)

15 மீற்றர் ஆரையில கோன் வட்டம் ஒண்டு. அனுமதி எடுத்த, மூடின தார் வெளி, வெளிப்பக்கம் இன்னொரு 15 மீற்றர் வெறுமையா இருக்க வேணும், அதாவது 60க்கு 60. ரோட்டிலயோ ஆக்கள் நடமாடுற வாகனத் தரிப்பிலயோ வேண்டாம். நடுவில ஆணி அடிச்சு, 30 மீற்றர் ஃபைபர் டேப்பால அளவுங்கோ. நைலோன் கயிறு இழுபடும், கணக்குப் பிழைக்கும். டேப்பும் கோனும் பழைய சோனகத் தெருவில எடுக்கலாம். 16 கோன் வைச்சால் இடைவெளி 6 மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

இதில அநேகம் பேர் விடுற பிழை ஒண்டு இருக்கு. உள் சில்லு கோனை ஒட்டி ஓடுது, ஆனால் கணக்குக்கு வேணும் காரின்ர நடுக்கோடு. ஜிடி86 அகலம் 1.775 மீற்றர், பாதி 0.89, கோனுக்கும் சில்லுக்கும் இடையில அரைச் சாண் விட்டால் ஆரை 16 மீற்றர். 8.2 செக்கன் சுற்றுக்கு 16 போட்டால் 0.96 ஜி, 15 போட்டால் 0.90. ஒரு செட் டயரின்ர வித்தியாசமே அந்த இடைவெளிக்குள்ள ஒளிஞ்சு போகும்.

விஎஸ்சியை (கார் வழுக்காமத் தடுக்கிற கம்பியூட்டர்) நிறுத்த மறக்க வேண்டாம். கார் நிக்கேக்க பொத்தானை 3 செக்கன் அழுத்திப் பிடிக்கிறது. நிறுத்தாட்டி டயரின்ர எல்லை வர முதலே கம்பியூட்டர் பிரேக் பிடிக்கும், நீங்க அளக்கிறது கம்பியூட்டரின்ர பயத்தை.

ரெண்டாம் கியர், வேகத்தை மெல்ல மெல்ல ஏத்துங்கோ. 40 கிலோமீற்றரைத் தாண்டேக்க முன் டயர் கத்தத் தொடங்கும். கோனை விட்டு வெளிய போகாம பிடிக்கக்கூடிய அதிவேகம்தான் எல்லை. ஒரு பக்கத்துக்கு மூண்டு சுற்று, பிறகு மறுபக்கம். அதுக்கு மேல ஓடினால் முன் வெளி டயரின்ர தோள்தான் தேயும்.

---

தரவுப்பித்தன்

மேல சொன்னதில பெரும்பகுதி சரி. ஆனால் தடத்தில ஓடேக்க போனின்ர ஆர்முடுகல்மானியை (ஜி அளக்கிற சென்சர்) விட ஜிபிஎஸ் கணக்கைத்தான் நான் முன்னுக்கு வைப்பன். வேகத்தை, திசை மாறுற வீதத்தால பெருக்கினால் பக்கவாட்டு ஆர்முடுகல். கார் சரிஞ்சாலும், போன் கோணலா இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லை.

போனுக்குள்ள இருக்கிற ஜிபிஎஸ்ஸை மட்டும் விடுங்கோ. அது செக்கனுக்கு ஒரு தடவை. 3 செக்கனில முடியிற வளைவுக்கு மூண்டு புள்ளி, அதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. வெளி ரிசீவர் வேணும்: சாதாரண டிராகி 10 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 10 தடவை), விபொக்ஸ் ஸ்போர்ட் 20, ரேஸ்பொக்ஸ் மினி 25. ரேஸ்குரோனோவுக்கு எந்த ரிசீவர் ஒத்துப்போகும் எண்டு வாங்க முதல் ஆப்பின்ர பட்டியலைப் பாருங்கோ. அன்டெனாவுக்கு வானம் தெரிய வேணும், டாஷ்போர்டுக்கு மேலதான் அதின்ர இடம். அசையாமக் கட்டினால் சரி, போன் மாதிரி நடுவில இருக்க வேணும் எண்டில்லை.

இதுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கு. 60 கிலோமீற்றர் வேகத்தில, 0.1 செக்கன் இடைவெளியில திசை 0.3 பாகை பிழைச்சாலே 0.09 ஜி பிழை. அதால புள்ளிக்குப் புள்ளி பார்க்காம அரைச் செக்கன் சராசரி எடுக்க வேணும். மரமும் கூரையும் மறைக்கிற பக்கத்தில வாற எண்ணை அப்பிடியே தள்ளி விடுங்கோ.

சந்தேகமெண்டால் கையால சரிபார்க்கலாம். வரைபடத்தில உங்கட ஓட்டக்கோட்டில வளைவின்ர ரெண்டு புள்ளியை நேர்கோட்டால இணையுங்கோ, அது நாண். நாணின்ர நடுவிலிருந்து வில்லுக்கு உள்ள உயரத்தை அளவுங்கோ. நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால பிரிச்சு, உயரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரை. நாண் 30 மீற்றர், உயரம் 4 எண்டால் ஆரை 30. அதில 60 கிலோமீற்றர் ஓடியிருந்தால் 0.94 ஜி. ஆப் 1.2 சொல்லுது எண்டால் பொய் ஆரிட்ட எண்டு தெரியும். தடத்தின்ர நடுக்கோட்டை அளக்க வேண்டாம்; ஓட்டுற கோடு பெரும்பாலும் அதை விட விரிஞ்சது.

உங்கட காருக்கு இன்னொரு வசதி. விஎஸ்சிக்கெண்டே காருக்குள்ள ஒரு பக்கவாட்டு ஜி சென்சர் இருக்கு. அதின்ர எண், ஸ்டியரிங் கோணம், சுழற்சி வேகம் எல்லாம் கான் பஸ்ஸில (காரின்ர கம்பியூட்டர்கள் தங்களுக்குள்ள பேசுற வயர்) ஓடுது. ஈஎஸ்பி32 எண்ட மலிவான எலெக்ட்ரோனிக் போர்டோட சின்ன ஒரு கான் சிப் பூட்டினால் ரேஸ்குரோனோவுக்குள்ள எடுக்கலாம். மலிவான ஈஎல்எம்327 அடாப்டர் வேண்டாம், செக்கனுக்குச் சில எண்தான் வரும். பக்கவாட்டு ஜியை விட ஸ்டியரிங் கோணம் பெரிய செய்தி: ஸ்டியரிங்கைக் கூடத் திருப்புறீங்க, ஜி ஏறேல்ல எண்டால் முன் டயர் முடிஞ்சுது. தெரு டயர் உச்சப் பிடி தாறது சுமார் 6 இலிருந்து 10 பாகை வழுக்கல் கோணத்தில (டயர் பார்க்கிற திசைக்கும் உண்மையில போற திசைக்கும் இடையிலான கோணம்); அதுக்கு மேல திருப்பினால் சூடும் தேய்மானமும்தான் மிச்சம்.

---

பஞ்சிகாவத்தை பாய்

மச்சான் இடையில ஒரு கேள்வி. செமி ஸ்லிக் போட்ட வேகன் ஆரில இந்த வட்டச் சோதனை செய்யலாமா?

---

கொட்டாஞ்சேனை ஈகே

செய்ய வேண்டாம் பாய். சில்லுகளுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால பிரிச்சுப் பாருங்கோ. அகலம் 1.3, உயரம் 0.6 எண்டு வைச்சால் 1.08 ஜி, கார் கவிழத் தொடங்கிற எல்லை. டயர் அதுக்குக் கிட்டப் பிடிச்சால் கார் வழுக்க முதல் உள் சில்லைத் தூக்கும். சஸ்பென்ஷன் சரிவையும் தாரில இருக்கிற ஒரு மேட்டையும் சேர்த்தால் அந்த 1.08 கூட மிஞ்சாது. சாதாரண டயரில வழுக்கிறது அந்த வகைக் காருக்குப் பாதுகாப்பு.

---

வெள்ளவத்தை86

ரெண்டு பேருக்கும் நன்றி. வட்டம் செய்தாச்சு. கோன் 15 மீற்றர், நடுக்கோடு 16. விஎஸ்சி நிறுத்தி, போன் ஹேண்ட் பிரேக் பக்கத்தில. மூண்டு சுற்றின் சராசரி:

வலப்பக்கம் சுற்ற 8.2 செக்கன், போன் 1.03
இடப்பக்கம் சுற்ற 8.4 செக்கன், போன் 0.95

ரெண்டு பக்கமும் ஏன் வித்தியாசம்? எதை எழுதி வைக்கிறது?

---

கொட்டாஞ்சேனை ஈகே

அருமையான தரவு. இதிலிருந்து நீங்க கேட்டதை விடக் கூட எடுக்கலாம்.

நேரத்தை வைச்சு: வலம் 0.96, இடம் 0.91, சராசரி 0.935. எழுதி வைக்கிற எண் இதுதான். எங்கட நாட்டில ஓட்டுநர் வலப்பக்கம். இடப்பக்கம் திரும்பேக்க சுமை வலது சில்லுகளில ஏறும், அங்க ஏற்கனவே உங்கட நிறையும் இருக்கு. சுமை கூடக் கூட டயரின்ர பிடி அதே விகிதத்தில கூடாது, அதால இடப்பக்கம் கொஞ்சம் குறையிறது இயல்பு. ஆனால் 0.05 வித்தியாசம் முழுக்க ஓட்டுநர் தலையில போடுறதுக்குக் கூட. தரை ஒரு பக்கம் சாய்வோ, இடது வலது கேம்பர் (சில்லு நிக்கிற சாய்வு) ஒண்டில்லையோ, டயர் அமுக்கம் சமமில்லையோ எண்டு பாருங்கோ.

இப்ப போன். போனில ரெண்டு பக்க வித்தியாசம் 0.08, நேரத்தில, மேல உருட்டிச் சொன்ன 0.05 ஐச் சரியாக் கணக்கிட்டால், 0.045. மிச்சத்தின்ர பாதி, 0.0175, போன் ஒட்டின கோணல். சரியா 1 பாகை. உறுதி செய்ய, கார் நிக்கேக்க போனை 180 பாகை திருப்பி அதே இடத்தில வைச்சுப் பாருங்கோ. எண்ணின்ர குறி மாறும், அளவு மாறாது எண்டால் அது ஒட்டின இடத்தின்ர அல்லது தரையின்ர சாய்வு, குறியும் மாறாட்டி அது சென்சரின்ர சொந்தப் பிழை.

ரெண்டு பக்கத்தையும் சராசரி எடுத்தால் இந்தக் கோணல் தானா வெட்டுப்படும். போனின் சராசரி 0.99, நேரத்தின் சராசரி 0.935. மிஞ்சின 0.055 ஐ 0.0175 ஆல பிரிச்சால் கார் சுமார் 3 பாகை சரியுது. சரிவை அளக்க ஒரு சதமும் செலவில்லை. பிறகு ஆன்டி ரோல் பாரோ (சரிவைக் குறைக்கிற கம்பி) ஸ்பிரிங்கோ மாத்தினால் இதே கணக்கில என்ன மாறினது எண்டு தெரியும்.

இந்த 3 பாகையை இனி தடத்துப் பதிவிலயும் கழிக்கலாம். போன் வளைவு நடுவில 0.98 காட்டினால் உண்மை 0.93 அளவு.

---

ரயர்க்காரன்

ரயரின்ர சூட்டை ஒருத்தரும் கேக்கேல்ல. 0.935 எண்டது எந்தச் சூட்டில, எந்த அமுக்கத்தில? அது இல்லாட்டி அடுத்த ரயரோட ஒப்பிட ஏலாது.

மத்தியானம் எங்கட தார் 50 பாகையைத் தாண்டும். பிரைமசி மாதிரி ரயர் ரெண்டாம் மூண்டாம் சுற்றில நல்லாப் பிடிக்கும், அதுக்குப் பிறகு மேற்பரப்பு எண்ணெய் பூசினது போல வழுக்கத் தொடங்கும். காலையில பழைய ரயர், பின்னேரம் புது ரயர் எண்டு சோதிச்சால் நீங்க ஒப்பிடுறது வெயிலை. ஒரே நாள், ஒரே மணித்தியாலம், பழசு, புதுசு, திரும்பப் பழசு எண்ட வரிசையில போங்கோ. கடைசிப் பழசு முதல் பழசோட ஒத்து வரேல்ல எண்டால் அண்டைய தரவை வீசுங்கோ.

அமுக்கம் சூட்டில அளக்கிறது, வந்து நிண்டு ஒரு நிமிசத்துக்குள்ள. குளிரில 28 பிஎஸ்ஐ போட்டு ரயர் 40 பாகை சூடேறினால் 33, 34 ஆகும். சுமார் 7 பாகைக்கு 1 பிஎஸ்ஐ. கொம்பிரசர் தண்ணி வடிக்காம காத்தடிச்சால் ஈரப்பதன் ஆவியாகி இன்னும் ஏறும். கொழும்பில இது சாதாரணமா நடக்கிற விசயம். சூட்டில 32 இலிருந்து 34 வரை தொடங்கி, ரெண்டு பிஎஸ்ஐ மேல கீழ போய் வட்டத்தின்ர நேரத்தைப் பாருங்கோ. எது குறைஞ்ச நேரமோ அதுதான் உங்கட அமுக்கம்.

பிறகு சூடு. ஊசி வைச்சுக் குத்துற பைரோமீற்றர் (சூடு அளக்கிற கருவி) நல்லது. இன்ஃப்ராரெட் கன் மேற்தோலை மட்டும் வாசிக்கும், பிட்டுக்கு வாற நேரத்துக்குள்ள மேற்தோல் ஆறிடும். உள், நடு, வெளி மூண்டு இடம். உள் விளிம்பு வெளியை விட 5 இலிருந்து 10 பாகை சூடா இருந்தால் பாதகமில்லை. வெளி விளிம்பு சூடு எண்டால் முன் கேம்பர் காணாது. கையில தொடாத ஜிடி86இல கட்டாயம் அப்பிடித்தான் இருக்கும், கேம்பர் கிட்டத்தட்டப் பூச்சியம். கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் ஒண்டரைக்குக் கொண்டு போய், டோவை (மேலிருந்து பார்க்க சில்லுகள் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு) பூச்சியமாக்கி, திருப்பி வட்டம் ஓடுங்கோ. செமி ஸ்லிக்குக்குக் குடுக்கிற காசில கொஞ்சப் பிடி இங்க கிட்டத்தட்டச் சும்மா கிடக்கு.

---

தரவுப்பித்தன்

ரயர்க்காரன் சொன்னதோட முழு உடன்பாடு. வட்டம் முடிஞ்சாப் பிறகு தடத்துப் பதிவை ஜி ஜி வரைபடமாப் பாருங்கோ: கிடையா பக்கவாட்டு, நிலையா பிரேக்கும் அக்சிலரேட்டரும். பிரேக் நுனியும் வளைவு நுனியும் நல்லா இருந்து, ரெண்டுக்கும் நடுவில பள்ளமா இருந்தால் பிரேக்கை முழுசா விட்டிட்டுத்தான் திருப்புறீங்க. ஒரே நேரத்தில பிரேக் 0.6, பக்கவாட்டு 0.7 எண்டால் மொத்தம் 0.92; உங்கட டயர் 0.935 தாறது எண்டு இப்ப தெரியும். மொத்தம் 0.7 இல நிக்கிற இடங்களைத் தேடுங்கோ. அங்க டயர் சும்மா இருக்கு, குறை ஓட்டுநரில.

---

வெள்ளவத்தை86

விளங்கிச்சு. அமுக்கமும் கேம்பரும் முதல், டயர் பிறகு. செமி ஸ்லிக் போட்டால் எஞ்சினில ஏதும் பார்க்க வேணுமோ?

---

கொட்டாஞ்சேனை ஈகே

ஒயில். 1 ஜியில சம்ப்புக்குள்ள (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டு) ஒயில் மட்டம் 45 பாகை சரிஞ்சு நிக்கும். கார்ட் தடத்தின்ர குட்டி வளைவில பெரும்பாலும் தப்பலாம், கட்டுகுருந்த மாதிரி வேகமான இடத்தில நீண்ட வளைவு வந்தால் ஒயில் உறிஞ்சுற குழாய் காத்தை இழுக்கும். டிப்ஸ்டிக்கில மேல் கோடு வரை நிரப்பி ஓடுங்கோ, அதுக்கு மேல வேண்டாம். ஒயில் அமுக்க மீற்றர் ஒண்டு பூட்டி, அதையும் ஜியோட ஒரே பதிவில எடுங்கோ. வளைவு நடுவில அமுக்கம் விழுந்தால் சம்ப் தடுப்புத் தகடு போடும் வரை அந்த டயரோட ஓட வேண்டாம். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழ போக விடாதீங்கோ, நீண்ட வளைவில பம்புக்குப் பெற்றோல் எட்டாம எஞ்சின் வெட்டும். பதிவில அது பிடி போன மாதிரியே தெரியும். ஆர்பிஎம் கோட்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால்தான் பிரிச்சு அறியலாம்.